கடைசிப் போட்டு

அறந்தாங்கி போகும் பஸ்ஸில் என் முன் சீட்டிலிருந்த டீச்சர் புலம்பிக்கொண்டே வந்தார். "புகையைக் குறைக்கணும்னு எங்க தெருவுல ஒரு குழு ஆரம்பிச்சேன். ஸ்கூட்டியை விட்டுட்டு எல்லாரும் பஸ்லயே போவோம்னு பேச்சு. பாரு, நான் ஒருத்திதான் வாரேன்."

ஜெகதாப்பட்டினத்தில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் சொன்னாள்: "நேத்து எங்க ஊரு மீன்புடி போட்டெல்லாம் சாமி ஊர்வலம் மாதிரி கரைக்கு வந்துச்சு டீச்சர்."

நான் இயர்போனைக் கழற்றினேன்.

"முந்தி வந்தாத்தான ஏலத்துல நல்ல வெலை? எப்பவும் டீசலைக் கொட்டிப் பறந்து வருவாங்க. நேத்து வெயில் ஏறியும் ஒண்ணையும் காணோம். எல்லை தாண்டிட்டாங்கன்னு நேவிக்காரங்க புடிச்சுட்டுப் போயிட்டாங்களோன்னு கரையே அழுவுது."

"ஐயோ!"

"பாத்தா, அத்தனை போட்டும் ஒரே வரிசையா மெதுவா வருது. சத்தமே பெருசா இல்ல. எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோணுச்சு. நடுக்கடல்லயே வயர்லெஸ்ல பேசிக்கிட்டாங்களாம். இனி போட்டி போட்டு டீசலை எரிக்கிறதில்ல, கடைசிப் போட்டைக் கரையில கட்டுற வரைக்கும் யாரும் மீனை எறக்குறதில்லன்னு."

"ஒருத்தரும் முந்தலையா?"

"முந்தலையே! பெரிய எஞ்சின் வச்சிருக்கவங்ககூட கூடையைத் தொடாம நின்னாங்க."

"கடைசியா வந்தது யாரு போட்டு?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எங்களுது. பழைய எஞ்சின். இத்தனை வருசமா நாங்க வந்து சேரும்போது, ஏலம் முடிஞ்சு தரையைக் கழுவிக்கிட்டு இருப்பாங்க டீச்சர்."