பாதிப் பேச்சோடு போட்ட சண்டை

அலைகடல் அரவணைக்கும் உபோலுத் தீவின் இந்த அவையை ஒற்றைப் புன்னகையால் அடக்கி ஆளும் கல்லூரித் தலைவர் அவர்களே, சொல்லையே கோலாக ஊன்றி நிற்கும் பேச்சுத் தலைவர்களே, பரம்பரைப் பட்டங்களைச் சுமக்கும் குடித்தலைவர்களே, இன்றைய ஜெபத்தைச் சுருக்கமாக முடித்து எங்களை வாழவைத்த போதகர் ஐயா அவர்களே, அப்படி முடிக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டிய அவருடைய துணைவியார் அவர்களே, பாய் விரித்து மாலை தொடுத்து இந்த மண்டபத்தை மணக்க வைத்த மகளிர் குழுத் தாய்மார்களே, ஆக்லாந்திலிருந்து வந்திருக்கும் டாக்டர் கார்மோடி அம்மையார் அவர்களே, அடுப்புக் கல்லைப் புரட்டிவிட்டுக் கண் சிவக்க வந்து அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவரையும் வணங்கி மகிழ்கிறேன்.

யாரையாவது விட்டுவிட்டேனா? விட்டால் இந்தச் சமோவா மண்ணில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். விருந்தில் எனக்குப் பன்றியின் வால்கூட வராது.

இலக்கியக் கோட்பாட்டுத் தொகைநூல் மாணவருக்கு வேண்டுமா, வேண்டாமா? இதைப் பேசத்தான் என்னை அழைத்தார்கள். தொகைநூல் வருவதற்கு முன் நம் மாணவர் எதைப் படித்தார்கள்? நகலெடுத்த தாள்களைப் படித்தார்கள். பாதித் தாள் கரி, மீதித் தாள் கரப்பான். புயல் அடித்தால் பாடத்திட்டமே கடலுக்குப் போய்விடும். அப்போதுதான் வந்தது, தலையணை பருமனில் ஒரு தொகைநூல். எத்தனை நாட்டு அறிவு, எத்தனை காலத்து வாதம், எத்தனை பேருடைய கோபம்! எல்லாம் ஒரே அட்டைக்குள் அடங்கி வந்தன. கப்பல் ஏறாமலே எங்கள் பிள்ளைகள் உலகத்தோடு வாதாடினார்கள். அந்த நூலைத் தொகுத்தவர்தான் இதோ அமர்ந்திருக்கும் டாக்டர் கார்மோடி. கைதட்டுங்கள், தகும். ஆனால் மெதுவாகத் தட்டுங்கள், கதை இனிமேல்தான் இருக்கிறது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். உண்மை. பதம் பார்க்கலாம். பசி ஆறுமா?

வாயோலா என்றொரு மாணவி. சவாயித் தீவுக்காரி, பேச்சுத் தலைவர் குடும்பத்துப் பெண். அந்த வீட்டில் கோழிகூட முகமன் கூறிவிட்டுத்தான் கூவும். தொகைநூலில் ஓர் ஐரோப்பிய அறிஞரின் கட்டுரைப் பகுதி. 'வாயால் சொல்லப்படுவது இலக்கியம் ஆகாது, எழுதப்படுவதே இலக்கியம்' என்று பக்கம் பக்கமாகச் சொல்லி, மூன்று புள்ளியோடு முடிகிறது. வாயோலாவுக்குக் கொதித்தது. வேறு ஊர் மாணவி என்றால் என்ன செய்வாள்? மறுப்புக் கட்டுரை எழுதுவாள். நம் பெண் என்ன செய்தாள்? ஊரை இழிவு செய்தவனுக்கு அவையில்தான் பதில் என்று, கல்லூரி விழாவில் கோலூன்றி நின்று, இறந்துபோன அந்த மனிதரை முன்னிலைப்படுத்தி ஒரு முழுப் பேருரை நிகழ்த்தினாள். "எழுத்து பிறக்குமுன் உன் பாட்டன் ஊமையாகவா இருந்தான்?" என்று கேட்டாள். அன்று கைதட்டாதவர் யாராவது இங்கே இருக்கிறீர்களா? போதகர் ஐயா, நீங்கள் எழுந்தே நின்றீர்கள். நான் பார்த்தேன்.

ஆண்டுக்கு ஒரே ஒரு மாணவருக்குத்தான் ஆக்லாந்தில் மேற்படிப்புக்கு இடம். வாய்மொழித் தேர்வு. தேர்வாளர் டாக்டர் கார்மோடி. போட்டியில் இருவர். வாயோலா ஒருத்தி, அவள் வகுப்புத் தோழன் பிலிப்போ மற்றவன். அந்தப் பேருரையைத்தான் தேர்விலும் வைக்கப்போகிறாள் என்பது ஊருக்கே தெரியும். தேர்வுக்கு முந்தின நாள், நன்கொடையாக வந்த புத்தகப் பெட்டியை நூலகத்தில் பிரித்துக்கொண்டிருந்த பிலிப்போ, ஒரு புத்தகத்தோடு அவளைத் தேடி ஓடினான்.

"ஏ வாயோலா, நீ திட்டினியே ஒரு மனுஷன், அவரு முழுசா வந்திருக்காரு."

"வரட்டும். இன்னும் நாலு திட்டு மிச்சம் இருக்கு."

"மொதல்ல அந்த மூணு புள்ளிக்கு அடுத்த பக்கத்தைப் படி."

படித்தாள். அடுத்த பக்கத்தின் முதல் வரி இது: 'இவ்வாறு கூறுவோர் உளர். அவர்கள் கூற்றில் ஒரு சொல்கூட எனக்கு உடன்பாடில்லை.' எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் மரியாதையாக எடுத்து வைத்துவிட்டுப் பிறகு அதை உடைப்பது நம் பேச்சுத் தலைவர்கள் வழக்கமில்லையா? அந்த மனிதரும் அதையே செய்திருக்கிறார். முகமன் முடிந்த இடத்தில் தொகைநூலின் கத்தரி விழுந்துவிட்டது.

"அப்போ நான் யாரைடா திட்டினேன்?"

"உனக்காகப் பேசினவரை. அருமையாத் திட்டின."

"நாளைக்குத் தேர்வு. இதை இப்ப காட்டாம நாளைக்குத் தேர்வாளர் முன்னாடி எடுத்து வெச்சா நீதானே ஆக்லாந்துக்குப் போவே."

"அங்க குளிருமாம். எனக்கு ஆகாது. போ, போய் வேற பேச்சு தயார் பண்ணு."

எப்படிப்பட்ட பிள்ளை பாருங்கள். பிலிப்போ, தலையைக் குனியாதே, உன்னைத்தான் சொல்கிறேன்.

பேச்சை மாற்றாமலே அவள் போயிருக்கலாம். பிலிப்போவைத் தவிர ஒருவருக்கும் தெரிந்திருக்காது. உண்மையைச் சொன்னால் தேர்வாளரின் நூலையே குறை சொன்னதாகும். இடம் போய்விடும். அன்று அவள் நெஞ்சு என்ன பாடு பட்டிருக்கும்!

மறுநாள் தேர்வறைக்குள் வந்தாள். கையில் வீட்டுக் கல்யாணப் பாய். முழு நூலை மேசைமேல் வைத்தாள். அதன் முன் தரையில் அமர்ந்து பாயைத் தலைமேல் போர்த்திக்கொண்டு குனிந்துவிட்டாள். தேர்வுக் குழுவில் நானும் இருந்தேன்.

டாக்டர் கார்மோடி பதறினார். "இந்தப் பொண்ணுக்கு உடம்பு முடியலையா?"

எங்கள் துறைத் தலைவர் தோமாசி சொன்னார்: "இல்லம்மா. இது எங்க இஃபோகா. தப்பு செஞ்சவங்க, புண்பட்டவங்க வாசல்ல பாயைப் போர்த்திட்டு உட்காருவாங்க. புண்பட்டவர் பாயை எடுத்தா மன்னிச்சாருன்னு அர்த்தம்."

"யாரு புண்பட்டது?"

பாய்க்குள்ளிருந்து குரல் வந்தது. "இந்த நூலாசிரியர்தான், அம்மா. அவர் பேசி முடிக்கிறதுக்குள்ள நான் சண்டைக்குப் போயிட்டேன்."

"அவர் செத்து எத்தனையோ வருஷம் ஆச்சே. யாரு பாயை எடுக்கிறது?"

"அதுதான் எங்களுக்கும் புரியல" என்றார் தோமாசி.

டாக்டர் கார்மோடி எழுந்து மேசைக்கு வந்தார். தொகைநூலையும் முழு நூலையும் அருகருகே வைத்துப் படித்தார். மூன்று புள்ளியைப் பார்த்தார், அடுத்த பக்கத்தைப் பார்த்தார். முகம் சிவந்தது. தொலைந்தாள் பெண் என்று நினைத்தேன். அந்த அம்மையார் என்ன செய்தார் தெரியுமா? செருப்பைக் கழற்றினார். வாயோலாவின் பக்கத்தில் தரையில் அமர்ந்தார். "கொஞ்சம் நகரும்மா, வெட்டினது நான்தான்" என்று சொல்லிப் பாயின் பாதியைத் தம் தலைமேல் இழுத்துக்கொண்டார்.

தேர்வாளரும் மாணவியும் ஒரே பாய்க்குள். மதிப்பெண் போட யார் இருக்கிறார்கள்? வெளியே தன் முறைக்குக் காத்திருந்த பிலிப்போவைக் கூப்பிட்டோம். அவன் முழு நூலை எடுத்து, விடுபட்ட பக்கத்தை உரக்கப் படித்து முடித்து, "ஆசிரியர் சார்பா" என்று பாயை எடுத்தான். இருவர் கண்ணிலும் நீர், இருவர் வாயிலும் சிரிப்பு.

அப்போது டாக்டர் கார்மோடி கேட்டார்: "அப்போ என் தொகுப்பைத் தூக்கிப் போட்டுடலாமா?"

"ஐயோ, வேண்டாம்மா. அது இல்லேன்னா இவர் யாருன்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது. அது வாசல் வரைக்கும் கூட்டிட்டு வந்துச்சு. உள்ள போகாம வாசல்ல நின்னு கத்தினது நான்."

அவையோரே, இதைவிட நல்ல விடையை எந்தப் பேராசிரியர் சொல்வார்? தொகைநூல் அறிமுகம் செய்யும், அதற்கு அது வேண்டும். தொகைநூல் வாதத்துக்கு அடுப்பு மூட்டும், அதற்கும் அது வேண்டும். ஆனால் நமக்காக அது முழுதும் படித்துவிடுமா? நமக்காக அது சிந்தித்துவிடுமா? பாதி கேட்டுப் பகை கொள்வதும் பாதி கேட்டுப் பக்தி கொள்வதும் ஒன்றுதான்.

வாயோலாவுக்கு இடம் கிடைத்தது. படித்தாள், திரும்பினாள். அந்தத் தொகைநூலின் புதிய பதிப்பை அவளும் டாக்டர் கார்மோடியும் சேர்ந்து தொகுத்திருக்கிறார்கள். அதைத்தான் இன்று வெளியிடுகிறோம். இதில் எந்தக் கட்டுரை முடிவிலும் மூன்று புள்ளி கிடையாது. வெட்டிய இடந்தோறும் மாணவருக்கு ஒரு வரி இருக்கிறது. வாசிக்கிறேன், கேளுங்கள்: 'இவர் இன்னும் உட்காரவில்லை. முழுதும் கேட்டுவிட்டுச் சண்டைக்குப் போ.'

நான் உட்காருகிறேன். பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும் தாய்மார்க்கும் நெஞ்சார்ந்த நன்றி. என்னோடு சண்டையிட விரும்புவோர் விருந்துக்குப் பின் வரலாம். வணக்கம்.