ஒண்ணரைக்கே சம்மதம்

இல்ல கிரேக், ஒண்ணரை ரொம்ப ஜாஸ்தி. கிரேகுன்னே கூப்பிடலாமில்ல? மிஸ்டர் ஹாலிவெல்னு சொன்னா என்னமோ கோர்ட்ல நிக்கற மாதிரி இருக்கு. என்னையும் லோர்னான்னே சொல்லுங்க. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆட்டம் காணுது, இப்படி வந்து உக்காருங்க. டீக்கு சர்க்கரை எத்தனை ஸ்பூன்? ரெண்டா, சரி.

வீடு வித்தா ஏஜென்ட் கமிஷன்னு நூத்துக்கு ஒண்ணரை உங்களுக்கு. அதுக்கு மேல வரி வேற. ஒரு லட்சத்து இருபதாயிரம் பவுண்டுக்குப் போகும்னு நீங்களே சொல்றீங்க. நினைச்சாலே தலை சுத்துது. ட்ராம் ஸ்டாப்புக்கு எதிர்த்தாப்புல இன்னொரு ஏஜென்ட் இருக்காங்களே, அந்தப் பொண்ணு நேத்து போன்லயே சொல்லிடுச்சு, ஒரு பர்சென்ட்டுக்கு முடிச்சுத் தர்றேன்னு. சிரிக்காதீங்க. ஆமா ஆமா, போட்டோவுக்குத் தனிக் காசு, இன்டர்நெட்ல போடத் தனிக் காசுன்னு அப்புறமா வரும், அது எனக்கும் தெரியும். நான் பிரெஸ்டன் மார்க்கெட்ல இருபது வருஷம் திரைச்சீலைத் துணி வித்தவ. முதல்ல சொல்ற விலையும் கடைசில வாங்கற விலையும் ஒண்ணா இருந்து நான் பாத்ததே இல்ல.

என்னது, பதினாறு வாரத்துக்கு உங்களைத் தவிர வேற யார்கிட்டயும் கொடுக்கக் கூடாதா? ஐயோ, பதினாறா? எட்டு வாரம் தர்றேன். எட்டு வாரத்துல இந்த ஃப்ளீட்வுட்ல ஒரு வீட்டை விக்கத் தெரியலன்னா பதினாறுலயும் தெரியாது. கோச்சுக்காதீங்க. பிஸ்கட் எடுத்துக்கங்க.

அப்புறம், போர்டு வேண்டாம். அதான், வாசல்ல நடுவீங்களே, விற்பனைக்குன்னு, அது. ஏன்னு கேக்காதீங்க, வேண்டாம்னா வேண்டாம், விடுங்களேன். பக்கத்து வீட்டு பெரில் இருக்கா, இப்பவே ஜன்னல் திரையை ஒரு விரக்கடை விலக்கிப் பாத்துட்டு நிப்பா. உங்க காரை எங்க நிறுத்தினீங்க? தெருமுனையிலதானே? நல்லவேளை. இந்தக் காத்துல நடக்க வெச்சிட்டேன், மன்னிச்சுக்கங்க. ஆனா போர்டு இல்லேன்னா உங்களுக்கு மரம், ஆணி, ஆள் கூலி எல்லாம் மிச்சம்தானே, அதுக்கு எவ்வளவு கொறைப்பீங்க? ஒண்ணே காலா? பாத்தீங்களா, இப்பதான் வழிக்கு வர்றீங்க.

வாங்க, மாடியைக் காட்டிடறேன். கைப்பிடியைப் பிடிச்சுக்கங்க, படி செங்குத்தா இருக்கும். ரெண்டு பக்கமும் கைப்பிடி போட்டது எங்கம்மாவுக்காக. போன வருஷம் பிப்ரவரில போயிட்டாங்க. இல்லல்ல, நான் போடலை, எனக்கு ஆணி அடிக்கவே தெரியாது. என் தம்பி போட்டான். டெஸ்மண்ட்.

இது அம்மாவோட ரூம். ஜன்னல்ல தலையை வெளிய நீட்டினா கடல் கொஞ்சூண்டு தெரியும். கடல் தெரியற வீடுன்னு எழுதிக்கலாமா? சும்மா கேட்டேன். அளந்துக்கங்க. ஆமா, பெயின்ட் புதுசுதான். அதுவும் டெஸ் அடிச்சதுதான். அம்மாவுக்கு வாதம் அடிச்சு ஒரு பக்கம் விளங்காமப் போச்சு. பத்து வருஷத்துக்கு மேல அப்படியே கிடந்தாங்க. தூக்கி உக்கார வெக்கறது, குளிப்பாட்டறது, தலை சீவி விடறது, எல்லாம் அவன்தான். மீன்பிடிக் கப்பல்ல கிடந்தவன், கை சொரசொரன்னு கயிறு மாதிரி இருக்கும். அந்தக் கையால அம்மாவுக்கு நகம் வெட்டி விடுவான், ஒரு சொட்டு ரத்தம் வந்ததில்ல. நான் மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை வருவேன். கேக் வாங்கிட்டு வருவேன். மறுநாள் பூரா அம்மா டெஸ்கிட்ட அந்தக் கேக்கைப் பத்தித்தான் பேசுவாங்களாம். லோர்னா கேக் வாங்கிட்டு வந்தா, லோர்னாவுக்குத்தான் என் மேல எவ்வளவு பாசம்னு. அவன் சிரிச்சுக்கிட்டேதான் அதை என்கிட்ட சொல்வான். பொறாமையே கிடையாது அவனுக்கு. கொஞ்சம் இருந்திருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும்.

அது பின்னாடி ரூம். அதைத் திறக்க வேண்டாமே. சரி, அளந்துதான் ஆகணும்னா அளங்க. போட்டோ மட்டும் எடுக்காதீங்க. ஆமா, ஆள் இருக்கற ரூம்தான். டெஸ் இங்கதான் இருக்கான், பொறந்ததுலேர்ந்து. காலைல மீன் பேக்கிங் ஷெட்டுக்குப் போயிடுவான், மத்தியானம்தான் வருவான். அதனாலதான் உங்களைக் காலைல வரச் சொன்னேன். வாங்கறவங்களையும் காலைலயே கூட்டிட்டு வாங்க. சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம். காலியாத்தான் கொடுப்போம், அதுல சந்தேகமே வேண்டாம். போயிடுவான் எங்கயாவது. சின்னப் பையனா என்ன, அம்பத்தேழு வயசாச்சு.

அவன் கையெழுத்து எதுக்கு? என்னுது மட்டும் போதும். உயில்ல எம்பேர் மட்டும்தான். அம்மா அதை எழுதினது ரொம்ப முன்னாடி. அப்பல்லாம் டெஸ் கடலுக்குப் போறதும், கரைக்கு வந்தா குடிக்கறதுமா இருந்தான். வீட்டையும் குடிச்சிடுவான்னு எம்பேருக்கு எழுதி வெச்சாங்க. அதுக்கப்புறம் அவன் குடியை விட்டான், அம்மாவைப் பாத்துக்கிட்டான். உயிலை மாத்தணும்னு அவங்க ரெண்டு பேருக்கும் தோணவே இல்ல. எனக்குத் தோணிச்சு.

வக்கீல் அதைப் படிச்சப்ப டெஸ் என் பக்கத்துலதான் உக்காந்திருந்தான், அம்மா சாவுக்குப் போட்ட அதே கோட்டு. நான் அவன் மூஞ்சியைப் பாக்கலை, ஷூவையே பாத்துட்டிருந்தேன். வெளிய வந்ததும் சொல்றான், நல்லதாப் போச்சு லோர்னா, இந்தப் பேப்பர் வேலையெல்லாம் எனக்கு ஆகாது, நீயே பாத்துக்கன்னு. அவன் புரிஞ்சுக்கிட்டது அவ்வளவுதான். அந்த வாரமே அம்மா ரூமுக்கு பெயின்ட் அடிச்சான். நீயும் மால்கமும் கோடைக்கு வந்து தங்கணும், உங்களுக்குத்தான்னான். நீங்க அளந்தீங்களே, அந்த ரூம்தான்.

கீழ போயிடலாம் வாங்க. இங்க ஒரே குளிரு.

மால்கம் என் வீட்டுக்காரர். அவரையும் குத்தம் சொல்ல முடியாது. சட்டப்படி உன்னுதுன்னா உன்னுதுதாங்கறார். எங்க பொண்ணு டெவன்ல இருக்கா. அவ பக்கத்துல ஒரு சின்ன வீடு, மாடிப்படி இல்லாம, பின்னால கொஞ்சம் தோட்டத்தோட. பிரெஸ்டன் வீட்டை மட்டும் வித்தா அந்த ஊர்ல ஒரு கார் ஷெட்டுதான் வாங்கலாம். இதுவும் சேந்தாத்தான் ஆகும். பட்டினி கிடக்கறோம்னா நாலு பேர்கிட்ட சொல்லிக்கலாம். அப்படி ஒண்ணும் இல்ல கிரேக். ஆசை, வேற ஒண்ணுமில்ல. பேத்தி ஸ்கூல் விட்டு வர்றப்ப நான் கதவைத் திறந்து விடணும்னு ஒரு ஆசை. அவங்க கூப்பிடக்கூட இல்ல.

அவனுக்கு ஒண்ணுமே கொடுக்காம இருப்பேனா? அதுக்குத்தானே உங்ககிட்ட இவ்வளவு மல்லுக்கட்டறேன்! மால்கம் போட்ட கணக்குல உங்களுக்கு ஒண்ணரைன்னுதான் இருக்கு. நீங்க ஒண்ணுக்கு இறங்கினீங்கன்னா மிச்சம் அரை, அது மால்கமுக்குத் தெரியாம டெஸ்ஸுக்கு. எங்கயாவது ஒரு ரூம் பிடிக்க முன்பணம் ஆச்சே. வரியும் சேத்து எழுநூறு பவுண்டு வரும். கொஞ்சம்தான். நீங்க அப்படிப் பாக்க வேண்டாம், கொஞ்சம்னு எனக்கே தெரியும்.

நிஜமாவா? ஒண்ணுக்கே சரியா? இவ்வளவு நேரம் பிடிவாதமா இருந்தீங்களே. அவனுக்காகவா? அவனை நீங்க பாத்ததுகூட இல்லையே. நல்ல மனுஷன் நீங்க. கை கொடுங்க.

என்ன கேட்டீங்க? இல்ல, தெரியாது. இன்னும் சொல்லலை. சொல்லணும்னேதான் வந்தேன், நாலஞ்சு தடவை. நான் வர்றேன்னாலே மீன் பொரிச்சு, உருளைக்கிழங்கு வறுத்து வெச்சிடுவான். சாப்பிடறப்ப எப்படிச் சொல்றது? சாப்பிட்டு முடிச்சா பஸ்ஸுக்கு நேரமாயிடும். பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வருவான், குடையை என் பக்கமாப் பிடிச்சுக்கிட்டு. சரி, போன்லயாவது சொல்லிடலாம்னு எடுத்தேன். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள சொல்றான், பாய்லரை மாத்திட்டேன் லோர்னா, சேத்து வெச்சதெல்லாம் போயிடுச்சு, ஆனா இனிமே நமக்குக் குளிர் கவலையே இல்லேன்னு. நமக்குங்கறான். ரொம்ப நல்லது டெஸ்னு சொல்லிட்டு வெச்சிட்டேன்.

கிரேக், ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே. நீங்க தினம் இந்த மாதிரி வீடுகளுக்குப் போறவர். சாவு விழுந்த வீடு, புருஷன் பொண்டாட்டி பிரிஞ்ச வீடு, எல்லாம் பாத்திருப்பீங்க. எதை எப்படிப் பதமாச் சொல்றதுன்னு உங்களுக்குத் தெரியும். எனக்கு வாயே வரமாட்டேங்குது. இல்ல, முழுசாக் கேளுங்க. அந்த அரையை நீங்களே வெச்சுக்கங்க. ஒண்ணரையே தர்றேன். பதினாறு வாரம்னே எழுதிக்கங்க, கையெழுத்துப் போடறேன். ஆமா, டெஸ்ஸுக்குன்னு சொன்னதுதான். இருக்கட்டும், அவன் எப்படியாவது சமாளிச்சுப்பான், எதையும் பெருசா எடுத்துக்க மாட்டான். நீங்க அவன்கிட்ட சொல்லிட்டாப் போதும். வீட்டை விக்கறாங்க, ஈஸ்டருக்குள்ள காலி பண்ணணும்னு. நாலே வார்த்தை.

எழுந்திருக்காதீங்க கிரேக். தயவுசெஞ்சு உக்காருங்க. டீயைக்கூட முடிக்கலையே நீங்க. அது கேட் சத்தம். இன்னிக்கு ஷெட்ல சரக்கு வரலை போல, சீக்கிரமே வந்துட்டான்.

வாடா டெஸ். நல்லா நனைஞ்சிட்டியே, கோட்டைக் கழட்டு. இவர் பேர் கிரேக். உன்கிட்ட என்னமோ பேசணும்னு உக்காந்திருக்கார். பால் தீந்துபோச்சு, நான் கடை வரைக்கும் போயிட்டு வந்துடறேன்.