பிடித்தம் போக மீதி

— விட்டு விட்டு வந்தா அது வருமானம் இல்லையாடா தம்பி? மழைகூட விட்டு விட்டுத்தான் பெய்யுது. நனையாமலா இருக்கோம்?

— அதில்லக்கா. ஒரு மாசம் வரும், மூணு மாசம் வராது. இதைப் போயி சம்பளம்னு எப்படிச் சொல்றது?

— சம்பளம்னு யாரு சொல்லச் சொன்னா? சொந்தத் தொழில்னு காட்டணும். வந்ததை எல்லாம் போட்டு, உன் காத்தாடிக்கு ஆன செலவைக் கழிச்சு, மிச்சத்துக்குத்தான் வரி.

— காத்தாடி இல்லக்கா, ட்ரோன்.

— பறக்குதில்ல? காத்தாடிதான். யாருக்குப் பறக்க விட்டே?

— வீடு கட்டி விக்கிற கம்பெனிக்கு. மேலேருந்து மனையைப் படம் புடிச்சுத் தரணும். ஒவ்வொரு தடவையும் வரின்னு கொஞ்சம் பிடிச்சுக்கிட்டுத்தான் தர்றான். கணக்குக் காட்டினா பிடிச்சதுல பெரும்பாலும் திரும்பி வருமாமே. அதை வாங்கிக் குடு, போதும்.

— வரும். எப்போலேருந்து பிடிக்கிறான்?

— அது... போன வருஷம் மழை விட்டதுலேருந்துன்னு வச்சுக்கயேன்.

— வச்சுக்க இது என்ன அடகுக்கடையா? மாசத்தைச் சொல்லு.

— யாரும்மா அங்க? தம்பி குரல் மாதிரி இருக்கு.

— தம்பிதாம்ப்பா. வரி விஷயமா வந்திருக்கான். நீங்க பாட்டுக்கு எந்திரிச்சுடாதீங்க, நான் வந்து பிடிச்சதுக்கப்புறம்தான் காலைக் கீழ வைக்கணும். ம், நீ சொல்லுடா.

— எல்லாம் போன்லயே இருக்குக்கா. இந்தா, பாத்துக்க.

— அப்பா குளியலறையில விழுந்த மாசமும் இருக்கே.

— அந்த மாசம் கொஞ்சம் வேலை இருந்துச்சுன்னு வச்சுக்கயேன்.

— கொஞ்சமா? அடுத்த மாசம் இதைவிடக் கூட. அதுக்கடுத்த மாசமும். டேய், ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னு என்ன சொன்னே? ரெக்கை உடைஞ்சு ட்ரோன் மூலையில கெடக்கு, டீ குடிக்கக் காசில்லன்னியே. நான்தானே வாங்கிக் குடுத்தேன்?

— பன்னும் வாங்கிக் குடுத்தே. மறக்கலக்கா.

— அது மட்டும் மறக்காது.

— அந்த மூணு மாசத்தை வேணா விட்டுடேன். உனக்கும் மனசு கஷ்டம்.

— விட்டா அந்த மூணு மாசம் பிடிச்சதும் திரும்பி வராது.

— அப்ப போட்டுடு.

— இடுப்புல ஆபரேஷன்னு டாக்டர் சொன்ன அன்னைக்கே கடைத்தெருவுல இருந்த என் கடையை விலை பேசினேன். கணக்குக் கடைன்னு எல்லாரும் கேலி பண்ணாலும், பேர்ப்பலகை மாட்டி நான் சம்பாதிச்ச இடம். அவசரத்தை முகத்துல எழுதி வச்சுக்கிட்டு விக்கப் போனா எவன் முழு விலை குடுப்பான்? பாதிக்குக் கேட்டான், குடுத்தேன். இப்ப என்கிட்ட வர்றவங்க குக்கர் விசிலுக்கு நடுவுல உக்காந்து வரி கட்டறாங்க. ஆபரேஷன் செலவுல நீ பாதி போட்டிருந்தா கடை நின்னிருக்கும்டா.

— உன்கிட்ட கடை இருந்துச்சு. என்கிட்ட என்ன இருந்துச்சு, சொல்லு.

— இந்தப் போன்ல இருக்கறது இருந்துச்சு.

— அதைத்தான் உன்கிட்டயே கொண்டாந்து காட்டிட்டேனேக்கா.

— இதுக்கு வேற ஆள்கிட்டயாவது போயிருக்கக் கூடாதா? எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

— போனேன்க்கா. அவன் ஃபீஸ் கேட்டான்.

— நல்லா இருக்கு. திருடின வீட்டுலயே வந்து வண்டிக்கூலி கேட்ட கதை.

— திட்டு. திட்டிக்கிட்டே கணக்கைத் தட்டிவிட்டுடு.

— தட்டறேன். அப்பா விழுந்த மாசத்தைத்தான் முதல்ல தட்டறேன். திரும்பி வர்ற காசு கடைத்தெருவுல எனக்கு ஒரு அறைக்கு முன்பணம். பேசாம எடுத்துக் குடுத்துடு. மாட்டேன்னா, அப்பாகிட்ட எல்லாத்தையும் படிச்சுக் காட்டறேன். நாம ரெண்டு பேரும் அவருக்கு ரெண்டு கண்ணாம். ஒரு கண்ணு பண்ணினதை இன்னொரு கண்ணு சொல்லட்டும்.

— காசு வேணா எடுத்துக்கக்கா. அப்பாகிட்ட மட்டும் சொல்லாதே.

— பயமா இருக்கா?

— எனக்கில்ல. உனக்காகத்தான் சொல்றேன்.

— எனக்காகவா? பொழச்சேன் போ. அப்பா, முழிச்சுத்தானே இருக்கீங்க? உங்க ஆபரேஷன் சமயத்துல உங்க பிள்ளை என்ன பண்ணினான் தெரியுமா...

— கேட்டுக்கிட்டுத்தாம்மா இருக்கேன். அவனைத் திட்டாதே. ஆபரேஷனுக்குக் குடுக்கக் காசை எடுத்துக்கிட்டு அவன் முதல்ல என்கிட்டதான் வந்தான். அக்காகிட்ட மூச்சு விடாதே, அவளுக்கு விக்கறதுக்கு ஒரு கடை இருக்குன்னு நான்தான் சொன்னேன்.