தார்ப்பாய்க்குள் கட்டி வைத்த குளிர்ச்சி

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் சந்தை வணிகர் சங்கத் தலைவர் அவர்களே! பேச்சில் கனிவும் காரியத்தில் கறாரும் கொண்ட செயலாளர் அவர்களே! மூட்டையைத் தோளில் ஏற்றி எங்களை முதலாளி ஆக்கிய சுமைதூக்கும் தோழர்களே! கூடை சுமந்தே குடும்பம் காத்த தாய்மார்களே! முன்வரிசையில் என் முகம் பார்த்து அமர்ந்திருக்கும் என் தங்கையே! எல்லோருக்கும் தலைதாழ்ந்த வணக்கம்.

நான் பழக்கூடை தூக்கிப் பழமண்டி போட்டவன். அடுக்குமொழி வராது, அடிபட்டதைச் சொல்ல வரும்.

சரக்கு இறக்கும் கொட்டகைக்குச் சாரல் தூவும் மிஸ்ட் குழாய் போடலாமா என்பது இன்றைய தீர்மானம். போடலாம். போட்டே ஆக வேண்டும்! ஆனால் இந்த வரைபடத்தில் மூன்று பக்கமும் பிளாஸ்டிக் திரை எதற்கு? சாரல் வீணாகக் கூடாதாம்! இந்தக் கெட்டிக்காரத்தனம் உங்களுக்கு முன்பே ஒருவனுக்கு வந்தது. அவன்தான் இங்கே நிற்கிறான்.

போன கோடையில் என் மண்டியின் பின்முற்றத்தில் குழாய் போட்டேன். பொருத்த வந்த மெக்கானிக் படித்துப் படித்துச் சொன்னார். "ஐயா, நல்ல அழுத்தமுள்ள மோட்டாரா எடுங்க. துளி பொடியா வந்து காத்துலயே காயணும், காஞ்சாத்தான் குளிரும். நாலு பக்கமும் திறந்து விடுங்க, ரெண்டு விசிறி வைங்க. புழுக்கமான நாள்ல போடவே போடாதீங்க."

நான் என்ன செய்தேன்? மலிவான மோட்டார் வாங்கினேன். விசிறிக்குப் பதில் தார்ப்பாய் வாங்கினேன். "நான் வாங்கின குளிர்ச்சி தெருவுல போறவனுக்கு எதுக்குய்யா?" என்று சுற்றிலும் இறுக்கிக் கட்டினேன். சிரிக்கிறீர்கள். அன்றைக்கு நானும் சிரித்தேன்.

அந்த முற்றத்தில் எடை போட்டவர் என் தங்கை கணவர். வீட்டில் நான் அவருக்கு மச்சான், மண்டியில் முதலாளி. ஒருநாளும் மாற்றிக் கூப்பிட்டதில்லை. அன்று நடுப்பகல், ஒரே புழுக்கம். சாரல் பொழிந்தது, குளிரவில்லை. வியர்வை வழிந்தது, காயவில்லை. தராசை விட்டுவிட்டு என் மேசைக்கு வந்தார்.

"மச்சான், மூச்சு முட்டுது. ஒரு பக்கமாவது அவிழ்த்து விடுங்க."

மண்டியில் நின்று மச்சான் என்கிறாரே, அது உறைத்ததா எனக்கு? "என்ன மாப்ளே, மாமியார் வீட்டு ஞாபகமா? இன்னும் ரெண்டு வண்டிதான், முடிச்சுட்டுப் போங்க" என்றேன். போனார். முதல் வண்டி முடிவதற்குள் தராசின் மேலேயே சாய்ந்தார்.

யாரது பின்னால்? "திறந்து விட்டா சாரல் காத்துல போயிடாதா அண்ணே?" போகும் தம்பி, போகட்டும்! சாரல் போனால் இன்னொரு வரிசைக் குழாய் போடலாம். ஆள் போனால் எந்தக் கடையில் வாங்குவீர்கள்?

நெஞ்சுவலி என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் ஆமாம் என்றேன். "உடம்புச் சூடு வெளியேற வழியில்லாம போச்சு, அதான் ஆளை முடிச்சிடுச்சு" என்று மருத்துவர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். அதை ஓராண்டாக விழுங்கி வைத்திருந்தேன். என் தங்கைக்கும் இப்போதுதான் தெரிகிறது.

அம்மாடி... என் தங்கை எழுந்துவிட்டாள். தாய்மார்களே, வழி விடுங்கள். யாரும் கையைப் பிடிக்காதீர்கள். அவள் போகட்டும். மேடையில் சொன்னதால் அவள் மன்னிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

தலைவர் அவர்களே, முடித்துக்கொள்கிறேன். வரைபடத்திலிருந்து திரையை நீக்கிவிடுங்கள். காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்துக் குழாய் போடுங்கள். தண்ணீரை வடிகட்டுங்கள், அதைத்தான் சுமைதூக்கும் தோழர்கள் மூச்சில் இழுக்கிறார்கள். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனைக் கேட்காதீர்கள், தராசடியில் நிற்பவனைக் கேளுங்கள். மோட்டாரை நிறுத்தும் சுவிட்சும் அவன் கைக்கு எட்டட்டும். அவன் மூச்சு முட்டுகிறது என்றால், முதலாளியிடம் கேட்காமலே நிறுத்தட்டும்!

இதற்குச் சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள். முதல் கை என்னுடையது. கேட்ட காதுகளுக்கு நன்றி. வணக்கம்.