எந்தக் கோயில்?

அர்ஷாத்: கோயில் எண்டு சென்னியா, இல்லியா? அத மட்டும் செல்லு, ஜனா.

ஜனா: மெல்லக் கதையடா. உள்ளுக்கு அம்மா நிக்கிறா.

அர்ஷாத்: மெல்லக் கதைக்கவா கொட்டாஞ்சேனையில இருந்து ரெண்டு பஸ் மாறி வெள்ளவத்தைக்கு வந்த?

ஜனா: சரி, சொன்னனான். கேமுக்குள்ள நாங்கள் கட்டுற ஊரில, கோயிலுக்குப் பின்னால இருக்கிற மேட்டை வெடி வச்சு எடு எண்டு. நான் சொன்னது அம்மன் கோயிலை. நான் கட்டிக்கொண்டிருந்தது அதைத்தானே!

அர்ஷாத்: எங்கட லேன்ல சும்மா கோயில் எண்டா அந்தோனியார் கோயில்தான். நாங்களும் அப்பிடித்தான் செல்ற. நீ சென்ன, நான் வச்சேன்.

ஜனா: எங்களுக்கு அது சேர்ச், மச்சான். ஒருக்கா கேட்டிருக்கலாம்...

அர்ஷாத்: ரெண்டு வருஷமா ஒண்டாக் கட்டுறோம். நீ சென்ன ஒண்ட நான் மறுத்துக் கேட்டீக்கேனா?

ஜனா: விளையாட்டுத்தானேடா. பின்சுவர் மட்டும்தானே விழுந்தது. ஒரு பின்னேரத்தில திருப்பிக் கட்டலாம்.

அர்ஷாத்: வெளையாட்டா? "அர்ஷாத் வெடி வைத்தார்" எண்டு ஸ்கிரீன்ல விழுந்தத, இடிஞ்ச கோயிலோட படம் புடிச்சு குறூப் குறூப்பா அனுப்பீக்கிறானுகள். கீழ என்ன எழுதீக்கி? வாசிச்சியா?

ஜனா: வாசிச்சனான்.

அர்ஷாத்: "இவனுகள் கேமுக்குள்ளயும் விட மாட்டானுகள்." ரெண்டாயிரத்திப் பத்தொம்பதுல அந்தோனியார் கோயில்ல குண்டு வெடிச்ச பொறகு எங்கட ஊட்ட சோதிக்க வந்தாங்க, தெரியும்தானே? உம்மா இப்ப பக்கத்து ஊட்டுப் புள்ள கதவத் தட்டினாலும் எழும்பி நிக்கிறா.

ஜனா: ராகுலனிட்ட நான் சொல்லுறன். சேர்வர் அவன்ரதானே.

அர்ஷாத்: மூணு நாளா ஏன் செல்லல்ல? அவன் என்னத் தூக்கி எறிஞ்சிட்டான். நான் கட்டின துறைமுகத்த நானே உள்ள போய்ப் பாக்க ஏலா. ஒவ்வொரு கிரேனும் துறைமுகத்துல எடுத்த வாப்பாட பழைய போட்டோவ வச்சுக் கட்டின!

ஜனா: கேமில கட்டினதுகளைக் காட்டுற சனிக்கிழமைக் கண்காட்சி முடியட்டும் எண்டு பார்த்தனான்...

அர்ஷாத்: ஓ... கண்காட்சி! துறைமுகமும் காட்டுவீங்களோ?

ஜனா: ஓம்.

அர்ஷாத்: யார்ட பேர்ல?

ஜனா: பேர் ஒண்டும் போடேல்ல.

அர்ஷாத்: தூ! என்ட வேல வேணும், என்ட பேர் வேணா. சரி, வெடி வைக்கச் செல்லி நீ அனுப்பின வொய்ஸ் மெசேஜ் எங்க? என்ட போன்ல "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" எண்டு கெடக்கு.

ஜனா: அது... கை பட்டு...

அர்ஷாத்: பொய் செல்லாத!

ஜனா: ஓமடா, நான்தான் அழிச்சனான்! வெடி வைக்கச் சொன்னது நான் எண்டு தெரிஞ்சா என்னையும் தூக்குவாங்கள். உன்ர பேரைக் கண்டோன்ன ஒருத்தனும் ஒண்டும் கேக்கேல்ல. அப்பிடியே நம்பிட்டாங்கள். நானும்... பேசாமல் இருந்திட்டன். போதுமா? அடிக்கிறதெண்டா அடி.

அர்ஷாத்: அந்த வொய்ஸ் எப்பிடித் தொடங்குது, ஞாபகமீக்கா? "உன்னைப் போலத் துப்புரவா வேலை செய்யிறவன் ஒருத்தனும் இல்லை மச்சான்."

ஜனா: உனக்கு... சொல்லுக்குச் சொல் எப்பிடி?

அர்ஷாத்: கேம் வெளையாடி வீணாப் போறேன் எண்டு ஏசுவாவே உம்மா... அவ கேக்கட்டும் எண்டு அப்பவே அவக்கு அனுப்பினேன். அவட போன்ல இன்னம் ஈக்கி. முந்தாநேத்தே ராகுலனுக்கு அனுப்பப் போனேன், உம்மா போனத் தரல்ல. "எங்கட ஊட்ட ஒக்காந்து நோம்புக் கஞ்சி குடிச்ச புள்ள, அவனே செல்லுவான்" எண்டு கையில வச்சுக்கிட்டு ஈக்கிறா. இப்ப நான் போய் அவக்கிட்ட என்னத்தடா செல்ல?