இன்னொரு அயான்

இல்லடி வேம்பு, நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்கல. வாசல்ல செருப்பக் கழட்டுறப்ப உன் வீட்டுக்காரரு மெதுவாத்தான் சொன்னாரு. ஜன்னல் தொறந்திருந்துச்சு, காதுல விழுந்துடுச்சு. இங்கயும் ஒரு அயானான்னு. அவரு சொன்னதுல என்ன இருக்கு? மன்னார்குடியில உங்க தெருவுலயே மூணு அயான் இருக்கானுவோன்னு நீதானே போன்ல சொன்ன. ஒருத்தன் உங்க சித்தி பேரனாமே.

கட்டில்லயே உக்காரு, பரவால்ல. முழிக்க மாட்டான், இப்பத்தான் பால் குடிச்சான்.

ஏழாம் மாசத்துலேர்ந்து அந்தப் பேரத் தேடுறதுதான்டி வேலை. புள்ளையோட அத்தாவுக்கு, அதான் எங்க மச்சானுக்கு, துபாய்லேர்ந்து ஒரே கண்டிஷன். சின்னப் பேரா இருக்கணும், அங்க உள்ளவங்க வாயிலயும் நொழயணும். ஒரு வெப்சைட்ல எறைவனோட பரிசுன்னு போட்டிருந்துச்சு. இன்னொண்ணுல அதிர்ஷ்டம். இன்னொண்ணுல அது சமஸ்கிருதமாம், பாதைன்னு அர்த்தமாம். எதுக்கும் இருக்கட்டும்னு மதரஸாவுல ஓதிக்குடுக்குற ஆலிமாகிட்ட கேட்டேன். அரபியில அப்புடி ஒரு சொல்லு இருக்கும்மா, எப்பன்னு கேக்குற சொல்லுன்னாங்க. ஆமா, எப்பன்னு. பஸ்ஸு எப்பன்னு கேப்போமே, அந்த எப்ப. மச்சான்கிட்ட சொன்னேன். பரிசுன்னே வச்சுக்குவோம்னுட்டாங்க.

மாமி ஒத்துக்கலதான். இப்ப கொல்லையில இருக்காங்க, இருந்தாலும் மெதுவாவே பேசு. தை மாசம் மாமா மவுத்தாயி அடக்கம் பண்ணப்ப நீகூட வந்திருந்தியே. அவங்க பேரைத்தான் வைக்கணும்னு மாமிக்கு ஆசை. ஆனா அதச் சொல்லத் தெரியாது. அவங்க பேரையே வைக்கலாம்லம்பாங்க. எவங்க பேரு மாமின்னா, அதான், இர்பான் அத்தா பேரும்பாங்க, மச்சான் பேர முன்னால வச்சு. நிக்காஹ் ஆன நாள்லேர்ந்து மாமா பேர வாயால சொன்னதே கெடையாதுடி. எங்க கடை போர்டுலயே பெருசா எழுதிருக்கு, ஆட்டோக்காரர்கிட்ட பாலத்துக்குப் பக்கத்துல ஒரு கடை இருக்குமேன்னுதான் சொல்லுவாங்க.

சிரிக்காத. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில மாமாவச் சேத்தப்ப மாமி மட்டுந்தான் கூட. நான் இங்க மசக்கையில வாந்தியெடுத்துட்டுக் கெடந்தேன். அவசரத்துல ஆதார் கார்டும் எடுத்துட்டுப் போவல. பேஷண்ட் பேரு என்னன்னு நர்சு கேட்டிருக்கு. இவங்க இர்பான் அத்தா அப்புடின்னு சொல்லியிருக்காங்க. அந்தப் புள்ள இர்பான்னு எழுதிக்கிச்சு. கட்டில்ல தொங்குற அட்டையில இர்பான், ஊசி போட வர்றவங்களும் இர்பான், இர்பான்னுதான். மாமாவுக்கு மூச்சு வாங்குது, அவங்க எங்கேர்ந்து சொல்றது? கடைசியில வார்டு வாசல்ல நின்னு கத்துனாங்களாம், இர்பான் பாடிய வாங்க யாரு வந்திருக்கீங்கன்னு. மாமி எந்திரிக்கல. மறுபடி கத்துனாங்களாம். அப்புறம் எந்திரிச்சுப் போயி நான்தான்னு கையக் காட்டுனாங்களாம்.

சர்டிபிகேட்ட மாத்தியாச்சு, மாத்தியாச்சு. மச்சானே துபாய்லேர்ந்து வந்து, செத்தது நான் இல்ல சார், எங்க அத்தாதான்னு மேசை மேசையா அலைஞ்சு மாத்துனாங்க.

அந்த மச்சானேதான் புள்ளைக்கு அத்தா பேரு வேணாம்னாங்க. அதை வச்சா நீ அவன எப்புடிம்மா கூப்புடுவன்னு போன்ல கேட்டாங்க. மாமி போன என் கையில குடுத்துட்டுக் கொல்லைக்குப் போயிட்டாங்க. எனக்கும் நாயமாத்தான் பட்டுச்சு. நானும் மாமனார் பேரச் சொல்லிப் புள்ளைய டேய்னு வைய முடியுமா? சரி, அயான்தான்னு முடிவாச்சு. ஏழாம் நாளு பேரு வைக்கிறப்ப பள்ளிவாசல் ஹஜரத் கேட்டா சொல்லிடுங்கன்னு மாமாவோட தம்பி ஜெக்கரியா சின்னத்தாகிட்டயும் சொல்லியாச்சு. நானும் முந்துன நாளே ஸ்டேட்டஸ் போட்டுட்டேன். நீ அதப் பாத்துட்டு வெள்ளிக் கிண்ணத்துல பேரு வெட்டியே வாங்கியாந்துட்ட. ரொம்ப அழகா இருக்குடி. எழுத்து அழுத்தமாத்தான் வெட்டியிருக்காங்க. அழியாது, இல்ல?

அதான்டி சொல்ல வந்தேன். இவன் பேரு அயான் இல்ல.

இரு, சொல்றேன். முந்தாநேத்து முடி எடுத்துட்டு, கூடத்துல ஆம்பளைங்க எல்லாம் உக்காந்தாச்சு. நாங்க பொம்பளைங்க இந்த ரூம்ல, திரைக்கு இந்தப் பக்கம். மச்சான் வீடியோ கால்ல, போனு சின்னத்தா கையில. ஹஜரத் புள்ளைய மடியில வச்சுக்கிட்டு, பேரு என்னன்னு கேட்டாங்க. சின்னத்தா தொண்டையக் கனச்சாரு. அதுக்குள்ள திரைக்கு இந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு பொம்பளக் கொரலு. ஷேக் பரீத்.

இந்த வூட்டுல மாமா பேர இவ்வளவு தைரியமா யாரு சொல்றதுன்னு எல்லாரும் திரும்பிப் பாக்குறோம். பாத்திரம் தேய்க்க வந்த அக்கான்னுதான் நான் நெனச்சேன்.

மாமி.

சின்னத்தாவுக்கு என்ன பண்றதுன்னு தெரியல, போனப் பாத்தாரு. மச்சான் வாயத் தொறந்து தொறந்து மூடுறாங்களாம், சத்தம் வரல. மியூட்ல இருந்திருக்கு. நானா? நான் திரையப் புடிச்சுக்கிட்டு மாமியவே பாத்துட்டிருந்தேன். கொல்லையில பிரியாணிச் சட்டி எறக்குற சத்தம் வேற. ஹஜரத்துக்குச் சரியா கேக்கல. என்ன பேரும்மான்னு திரும்பக் கேட்டாங்க.

மாமி முக்காட்ட இழுத்து விட்டுக்கிட்டு, திரைய வெலக்கி, ஆம்பளைங்க இருந்த கூடத்துக்கே போனாங்க. புள்ளைகிட்டக் குனிஞ்சு, இன்னொரு தடவ சத்தமா சொன்னாங்க.