பொட்டு வைத்த ஜம்ப் ஸ்டார்ட்டர்

"ஆயுத பூஜைக்குப் பொட்டெல்லாம் வச்சேன். சார்ஜ்தான் போடல."

குடவாசலிலிருந்து திருவாரூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டுக்காரர் சொன்னார். அவர் மொட்டைத் தலையில் அப்போதுதான் முடி முளைக்க ஆரம்பித்திருந்தது. பக்கத்தில் இருந்தவர் தெரிந்தவர் போல.

"எதுக்குண்ணே சார்ஜ்?"

"ஜம்ப் ஸ்டார்ட்டருக்கு. தம்பி சிங்கப்பூர்லேருந்து அனுப்புனான். கார் பேட்டரி இறங்கிட்டா இத மாட்டி ஸ்டார்ட் பண்ணலாம். டீசல் வண்டிக்குச் சின்னது பத்தாதுன்னு பெருசா பாத்து வாங்கியிருந்தான்."

"காரும் தம்பியோடதுதானே?"

"அவன் லீவுக்கு வந்தாத்தான் எடுப்போம். வருஷம் பூரா சும்மா நின்னா பேட்டரி என்னத்துக்கு ஆகும்?"

"சார்ஜ் போடச் சொல்லலியா?"

"மூணு மாசத்துக்கு ஒருக்கா போடுன்னான். பிரிச்சா தூசி அடையும்னு அட்டைப்பெட்டியோட பூஜை ரூம்லயே வச்சுட்டேன். அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்த அன்னிக்குக் கார் ஸ்டார்ட் ஆகல, அப்பத்தான் பிரிச்சேன். சார்ஜ் காட்டுற லைட்டு ஒண்ணுகூட எரியல."

"அப்புறம்?"

"நெல்லு ஏத்துற வண்டியப் பிடிச்சுக் கொண்டுபோனேன். வழியிலயே போயிட்டாரு."

கதிர் அறுக்கும் மெஷினுக்கு ஒதுங்கி பஸ் நின்றது. அது கடந்ததும் பஸ் கிளம்பியது.

"தம்பி என்னண்ணே சொன்னாரு?"

"காரியத்துக்கு வந்தான். வந்ததும் அத எடுத்து சார்ஜ் போட்டான். மறுநாள் நாலு லைட்டும் எரிஞ்சுது. எங்கிட்ட கொண்டாந்து காட்டுனான். 'நல்லாத்தானே இருக்கு'ன்னான். திரும்ப சிங்கப்பூர் போற வரைக்கும் எங்கிட்ட பேசுனது அது ஒண்ணுதான்."